நாற்பத்திரண்டாவது கட்டம்

கிடங்கின் தரையில் அவள் போட்ட மஞ்சள் கட்டங்கள் நாற்பத்தொன்று. அன்று மாலை கதவை இறக்கும் முன் வழக்கம்போல எண்ணிக்கொண்டு வந்தபோது நாற்பத்திரண்டு இருந்தது.

ஏணிக்கு ஒரு கட்டம், தள்ளுவண்டிக்கு ஒன்று, எடை இயந்திரத்துக்கு ஒன்று, துடைப்பத்துக்குக்கூட ஒன்று. எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டுமோ, அங்கே அதன் உருவத்தைச் சுற்றியே இரண்டு விரல் அகலத்தில் மஞ்சள் கோடு. தலைப்பக்கம் பெயர்ச்சீட்டுக்கு உள்ளங்கையளவு சதுரம். சீட்டை ஒட்டியதும் நான்கு மூலையையும் கட்டைவிரலால் அழுத்தித் தேய்ப்பாள். வேறு யார் ஒட்டினாலும் அவளுக்குத் திருப்தி வராது. இந்தக் குழாய்க் கிடங்குக்குப் பொறுப்பாளராக வந்த மூன்று மாதத்தில் அவள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கதவு இறங்கும்போது எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. முன்பெல்லாம் அங்கே யானையைக் கட்டிவிட்டுப் போனாலும் மறுநாள் தேடத்தான் வேண்டும். இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் கேட்ட குழாயை எடுத்துவிடலாம். முதுகுக்குப் பின்னால் அவளைக் 'கோட்டுக்காரி' என்றார்கள். அவளுக்குத் தெரியும், பிடித்தும் இருந்தது.

புதுக் கட்டம் கடைசி வரிசையின் கோடியில், டியூப்லைட் விட்டு விட்டு எரியும் இடத்தில் இருந்தது. இரண்டு கால், உடம்பு, சற்றே விலகிய கைகள், உருண்டைத் தலை. யாரையோ மல்லாக்கப் படுக்கவைத்து ஓரமாகத் தூரிகையை ஓட்டியதுபோல் இருந்தது. தலைமாட்டில் சின்னச் சதுரம். கோடு இரண்டு விரல் அகலம்.

பார்சல் கட்டுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"நானா? அட்டைப்பெட்டியில நேரா ஒரு அட்ரஸ் எழுதவே எனக்கு வராது. இதெல்லாம் உங்க கை மாதிரி இருக்கு."

பழிக்குப் பழி என்று நினைத்துக்கொண்டாள். முந்தின நாள்தான் எல்லார் முன்னாலும் தம்பியைக் கிண்டல் செய்திருந்தாள். அவன் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், அவள்தான் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். வண்டியை நிறுத்தினால் ஒரு இடத்தில் நிற்க மாட்டான், அதனால் காத்தாடி என்று பேர். "உனக்கும் ஒரு கட்டம் போட்டு வச்சாத்தான்டா ஒரு இடத்துல இருப்ப" என்று சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், அவனும்தான். சரி, திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். சாம்பல் நிறத் தரைப் பெயிண்டை எடுத்து அவளே குனிந்து கோட்டை அழித்தாள். கையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் வலது கட்டைவிரல் நகக்கண்ணில் மட்டும் சாம்பல் போகவில்லை.

மறுநாள் காலை கதவைத் திறந்தவள் அவள்தான். சாவி அவளிடம் மட்டும்தான். மஞ்சள் கோடு அதே இடத்தில் இருந்தது, ஈரம்கூடக் காயாமல்.

மூன்றாம் நாள் மதியம் அந்த உருவத்தின் இடது கையைக் கவனித்தாள். சுண்டுவிரலின் கோடு நுனிக் கணுவில் வெளிப்பக்கமாகக் கோணியிருந்தது. தம்பியின் சுண்டுவிரல் அப்படித்தான் இருக்கும். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஐந்து. கோபத்தில் அவள் அறைந்து சாத்திய கதவில் அவன் விரல் மாட்டியது. அன்றைக்குக் கோணிய விரல் இன்றுவரை நிமிரவில்லை. அதைப் பார்த்துத் தினமும் மனசுக்குள் ஒரு முள் குத்துவது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஓடிப்போய் அவன் வண்டியை மறித்தாள்.

"நீ வீட்டுக்குக் கிளம்பு."

"என்னக்கா, மணி மூணுதான் ஆகுது. லோடு பாதியில கிடக்கு."

"கிடக்கட்டும். கடைசி வரிசைக்குப் போனியா?"

"போனேன். யாரு போட்டதோ, நல்லாத்தான் போட்டிருக்காங்க."

"அதுல படுத்துப் பாத்தியா?"

அவன் கழுத்தைச் சொறிந்துகொண்டான். "இல்ல. ஆனா படுக்கணும்போல இருந்துச்சு. ஏன்னு தெரியல."

"நாளைக்கும் வராத. நான் சொல்ற வரைக்கும் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத" என்றவளுக்குத் தான் சொன்ன வார்த்தையே சுருக்கென்றது. அவன் பைக் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றாள்.

ஆறு மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தியதும் கிடங்கின் மற்றச் சத்தங்கள் மெல்ல மேலே வந்தன. வெயில் இறங்கிய தகரக் கூரை ஒவ்வொரு மூலையாகச் சொடுக்கியது, பாரம் தாங்கும் மரச்சட்டங்கள் முனகின, எங்கேயோ ஒரு அட்டைப்பெட்டி தன் எடையில் தானே அமுங்கி மூச்சுவிட்டது. அட்டையும் எண்ணெயும் கலந்த பழகிய வாசனைக்கு அடியில் ஈரப் பெயிண்டின் நெடி. பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஏணி, டிக். தள்ளுவண்டி, டிக். வரிசைக்கு வரிசை அவள் கால் மெதுவாகிக்கொண்டே வந்தது. நாற்பது. நாற்பத்தொன்று.

கடைசி வரிசை. டியூப்லைட் அணைந்தது. எரிந்தது.

தரை வெறுமையாக இருந்தது.

மஞ்சளும் இல்லை, அவள் அடித்த சாம்பலும் இல்லை. வெறும் சிமெண்ட். அவள் அப்படியே பெட்டிமேல் சாய்ந்து உரக்கச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இனி அவனை ஒரு வார்த்தை கிண்டல் செய்வதில்லை என்று முடிவு செய்தாள்.

கையெழுத்துப் போடப் பட்டியலைத் திருப்பினாள். கீழே நாற்பத்திரண்டாவது வரி ஒன்று இருந்தது. அவள் எழுத்து. பொருள்: தம்பி. இடம் என்ற பத்தியில் 'கடைசி வரிசை' என்று எழுதி, சாமானை இடம் மாற்றும்போது அவள் அடிப்பதுபோலவே சிவப்பு மையில் அடித்திருந்தது. மேலே புதிய இடம்.

வீடு, நடு அறை.

போன் அடித்தது. தம்பி.

"அக்கா, நடு அறையில யாரு பெயிண்ட் அடிச்சது? நீயா?"

"வெளிய வா. எதையும் தொடாத. வாசலுக்கு வந்துடு."

போனில் துணி தரையில் உரசும் சத்தம். பிறகு நீளமாக ஒரு மூச்சு.

"டேய்!"

"சரியா இருக்குக்கா."

"என்னடா?"

"படுத்துட்டேன். அளவெடுத்த மாதிரி இருக்கு. சுண்டுவிரல்கூட."

"எந்திரி. என் மேல சத்தியம், எந்திரிடா."

"ஏன்க்கா? காலியா இருக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன."

கதவை நோக்கி ஓடினாள். வரிசைகள் முடியவில்லை. ஏணி. தள்ளுவண்டி. மறுபடி ஏணி. கையில் போன் அதிர்ந்து, வீடியோ வேண்டுமா என்று கேட்டது. அழுத்தினாள்.

வீட்டு நடு அறை. மேலிருந்து தெரிந்தது. மஞ்சள் கோட்டுக்குள் தம்பி மல்லாக்கக் கிடந்தான். கண் திறந்திருந்தது. இமைக்கவில்லை. இரண்டு கைகளும் கோட்டுக்குள், விரல்கள் விரிந்து, காலியாக.

படம் ஆடவே இல்லை.

"டிக் போட்டுட்டியாக்கா?" என்றது அவன் குரல். அவன் உதடு அசையவில்லை.

படம் மெல்லத் தாழ்ந்தது. அவன் முகத்தைத் தாண்டி, தலைமாட்டுச் சதுரத்துக்கு. ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டு வந்தது. வெள்ளைச் சீட்டை அதில் வைத்தது. நான்கு மூலையையும், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தது. நகக்கண்ணில் சாம்பல் பெயிண்ட் இருந்தது.