நெஞ்சுப் படத்தில் ஓர் அரிவாள்

காலையில் டவுன் டாக்டர் விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டியபோது, அந்த வெள்ளை வளைவு கடைசி விலா எலும்புக்கு மேலேயே நின்றிருந்தது. இப்போது, விளக்கு வைக்கும் நேரத்தில், நவமணி அதே எக்ஸ்ரே படத்தைத் தோட்ட லயத்து வீட்டு ஜன்னலில் சாய்த்துப் பார்த்தாள். அதன் நுனி விலாவைத் தாண்டி இறங்கியிருந்தது.

"பொறவியிலயே இப்படிம்மா," என்றிருந்தார் டாக்டர். "நுரையீரல்லேர்ந்து நேரா இதயத்துக்குப் போவ வேண்டிய ரத்தக்குழாய் வளைஞ்சு கீழ எறங்குது. ரொம்ப அபூர்வம். நாளைக்கே கோலாலம்பூருக்குக் கொண்டு போங்க. அங்க மருந்து ஏத்திப் படம் புடிப்பாங்க. தள்ளிப் போட்டா புள்ளைக்கு ஆபத்து."

மகள் சந்திரிகாவுக்கு ஏழு வயது. வாசல்வரை ஓடினாலே மூச்சு வாங்கும்.

"படம் எங்கயாச்சும் வளருமா லா?" என்றான் கணவன் சேது. "நான் செம்பனக் கொல வெட்டுற அரிவா மாதிரி இருக்கு. அதான் உனக்குப் பயம்."

தகரக் கூரையில் மழை கொட்டியது. செம்பனை ஆலையின் புளித்த எண்ணெய் வாடை ஈரக்காற்றோடு வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது. அந்த மழைக்கும் அடியில், சாணைக்கல்லில் இரும்பை மெல்ல இழுக்கும் ஓசை ஒன்று கேட்டபடி இருந்தது. நவமணி திரும்பிப் பார்த்தாள். சேதுவின் இரண்டு கைகளும் தேநீர்க் கோப்பையில். அரிவாள் பின்கட்டு ஆணியில் தொங்கியது. காய்ந்து.

ஓசை போன வழியே போனாள். பாயில் பிள்ளை தூங்கினாள். நவமணி அவள் நெஞ்சில் காதை வைத்தாள்.

உள்ளே. ஸ்ஸ்ஸ். மறுபடியும்.

"நவமணி, இங்க வந்து பாரு," கூடத்திலிருந்து சேது கூப்பிட்டான். "கோடு போயிருச்சு."

போயிருந்தது. படத்தில் வெறும் விலா எலும்புகள்தான்.

"நம்ம முனியாண்டி சாமி எடுத்துட்டாரு, புள்ள. காலையில கோலாலம்பூர் போக லோரி வேணாம்னு டிரைவர் ஐயாவுகிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."

"நில்லுங்க. கொழந்த நெஞ்சுல..."

அவன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிவிட்டான். பாவம், அந்தக் கால்களில் அவ்வளவு சந்தோஷம்.

அப்போது ஓசை நின்றது.

அந்த அமைதி அவளுக்குப் பழக்கம். விடியலில் தினமும் கேட்பது. தீட்டி முடித்தபின் வருவது. அதன் பிறகுதான் சேது வெட்டப் புறப்படுவான்.

"அம்மா," சந்திரிகா கண் விழித்தாள். "உள்ள சில்லுன்னு இருக்கு."

நவமணி அவள் சட்டையைத் தூக்கினாள்.

பிள்ளை மூச்சை விட்டாள். நெஞ்சு தாழ்ந்தது. வயிறு தாழ்ந்தது.

வலது விலாவின் கீழே, தோலுக்கு அடியில், வளைவாய் ஒன்று.

அது தாழவில்லை.

எழுந்தது.