இடப்பக்கத்து எடை

காரின் முன்கண்ணாடியில், இடப்பாதியில் மட்டும் உள்ளிருந்து ஆவி படிந்திருந்தது.

லொரேன் கையுறையைக் கழற்றி விரலால் தொட்டுப் பார்த்தாள். ஈரம். அவள் உட்கார்ந்து மூச்சுவிட்ட வலப்பாதி தெளிவாக இருந்தது; ஆளில்லாத பக்கம் பாலாடைபோல் வெளுத்திருந்தது. அந்தப் பக்கத்தில் ஆள் மட்டுமல்ல, இருக்கையே கிடையாது. அதை அக்டோபரில் அவளே கழற்றிவிட்டாள். இப்போது அங்கே வெறும் அலுமினியத் தரை, ஓரமாகச் சுருண்டு கிடக்கும் பெல்ட், ஜனவரிக் குளிர்.

கூடவே அந்தச் சத்தம். முதுகுக்குப் பின்னால் எஞ்சின் இரைந்துகொண்டிருக்கும்வரை எதுவும் கேட்காது. சாலைச் சந்திப்பில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைத் தளர்த்தினால் கேட்கும். டக். சிறிது இடைவெளி. டக். சின்னதாய்க் கடினமான ஒன்று இன்னொன்றின்மீது மெல்லப் படுவதுபோல.

கார் கிளப்பில் அவளோடு இருக்கும் நெவில், தன் வான்கோழிப் பண்ணைக்குப் பின்னால் ஒரு கொட்டகை வைத்திருந்தான். அங்கே சக்கரத்துக்கு ஒன்றாகத் தட்டைத் தராசுகள் இருந்தன. இவ்வளவு லேசான காரில் எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பாரம் என்பது தெரியாமல் வளைவுகளில் வேகம் எடுக்க முடியாது.

"வாங்க மகாராணி. தேர் முனகுதாமே?" என்றான். "ஏறி உக்காரு. உன் எடையைக் கிளப்புல யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பீர் வாங்கிக் குடுத்தா."

காரைத் தராசுகள்மீது ஏற்றி நிறுத்திவிட்டு அவள் உள்ளேயே உட்கார்ந்தாள். நெவில் எண்களைப் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

"ஏம்மா, இந்தப் பக்கம் என்ன வெச்சிருக்க? உருளைக்கிழங்கு மூட்டையா?"

"ஒண்ணுமில்லையே."

அவன் இடக்கதவைத் திறந்து குனிந்தான். தரையைக் கையால் துழாவினான். "ஒண்ணுமில்லதான். ஆனா ஒரு ஆள் எடை காட்டுது. குண்டு ஆள் இல்ல. நோஞ்சான்." சிரித்தான். "யாரைக் கொன்னு ஒளிச்சு வெச்சிருக்க? சரி, இறங்கு."

இறங்கினாள். அவள் பாரம் மட்டும் கழிந்தது. இடப்பக்கத்து எண் அசையவில்லை.

நெவில் தராசைப் பூட்ஸ் காலால் உதைத்தான். "செத்துப்போச்சு சனியன்." பிறகு துழாவிய விரல்களை மூக்கருகே கொண்டுபோனான். "நீ புதினா மிட்டாய் சாப்பிடுவியா என்ன?"

"ஆமா," என்றாள் லொரேன். அவள் சாப்பிடுவதில்லை.

திரும்பும்போது மணி நான்கு கூட ஆகவில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் குளிர்காலப் பகல் அதற்குள் வடிந்துவிட்டிருந்தது. வயல்களிலிருந்து மூடுபனி எழுந்து, வேலிகளைத் தாண்டி, முகப்பு விளக்குகளின் வெளிச்சத்தில் கம்பளி நூல்போலப் பிரிந்து பிரிந்து ஓடிற்று. உழுத மண்ணின் வாடையும், அழுகிய சர்க்கரை பீட்ரூட் இலைகளின் வாடையும், அவற்றுக்கு அடியில், நனைந்த கம்பளித் தொப்பியின் வாடையும் உள்ளே வந்தன. வந்தனவா, உள்ளேயே இருந்தனவா என்று அவள் யோசிக்க விரும்பவில்லை.

காரை விற்றவர் தொப்பி வைத்திருந்தார்.

மிஸ்டர் லார்ட்டர். போன வசந்தத்தில் ஓட்டிப் பார்க்கப் போனபோது அவள் பக்கத்தில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பொய்ப்பற்களில் புதினா மிட்டாய் உருள, டக் டக்கென்று, தன் மனைவியோடு கடற்கரைக்குப் போன கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணாடி மங்கியதும் தொப்பியைக் கழற்றி வட்டம் வட்டமாகத் துடைத்தார், அவள் பக்கத்தை முதலில். "ஓட்டறவளுக்குத்தான் பாதை தெரியணும், கண்ணு. எனக்கு எதுக்கு?"

இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மத்தவங்க கூடுதலா தர்றேங்கறாங்க. பணத்த வெச்சு நான் என்ன பண்ண? மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை என்னைக் கடல் வரைக்கும் கூட்டிட்டுப் போவியா?"

"கண்டிப்பா, மிஸ்டர் லார்ட்டர்."

சொல்லும்போதே தெரியும், மாட்டாள் என்று. ஐம்பத்து மூன்று வயதில், கசந்து முடிந்த ஒரு மணவாழ்க்கைக்குப் பிறகு, அவளுக்கு வேண்டியிருந்தது எடையில்லாமை. நினைத்த மாத்திரத்தில் திரும்பும் ஒரு வண்டி. அதில் ஒரு கிழவரின் இருமலுக்கும் எச்சிலுக்கும் இடமில்லை. ஜூனில் கிளப் கார்களோடு அவர் வீட்டைக் கடந்தபோது, முன்னாலிருந்த கல்சுவரில் தொப்பியோடு உட்கார்ந்திருந்தவர் காரை அடையாளம் கண்டு எழுந்து கையைத் தூக்கினார். முன்னால் போன நெவில் பார்த்துவிடுவானோ என்று அவள் முகம் சுட்டது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள்.

அக்டோபரில் அவர் மகள் பெவர்லி போனில் அழைத்தாள். "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோங்க. ஒவ்வொரு ஞாயிறும் வெளிய போயி உக்காந்துக்கறார். ஒரே ஒரு தடவை..."

"ஐயோ, அந்த சீட்டையே கழட்டிட்டேனே," என்றாள் லொரேன். "ரேஸ் தடத்துல ஓட்டறதுக்காக."

அப்போது கழற்றியிருக்கவில்லை. போனை வைத்துவிட்டுத்தான் தன் கார் கொட்டகைக்குப் போனாள், ஸ்பானரோடு. பொய்யை உண்மையாக்கிவிட்டால் அது பொய்யில்லை என்பதுபோல.

கடைசி போல்ட்டைக் கழற்றும்போது போன் மறுபடி அடித்தது. பெவர்லி சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பாகிட்ட சொன்னேன். சீட்டு எதுக்கு, நான் லேசான ஆள்தானே, தரையிலயே உக்காந்துக்கறேன்னு சொல்லச் சொல்றார்."

டிசம்பரில் அவர் இறந்தார். லொரேன் அடக்கத்துக்குப் போகவில்லை.

டக்.

அவள் இடப்பக்கம் திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. வளைவுகளில் கார் அந்தப் பக்கம் சாய்ந்தது. பள்ளங்களில் அந்தப் பக்கம் அமுங்கி எழுந்தது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது எழுவதுபோல.

வீட்டுக்குப் போகும் திருப்பம் வந்தது. அவள் திரும்பவில்லை. அவரை அவர் வீட்டில் இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான். இறக்கிவிட்டால் போதும்.

கல்சுவர். இருண்ட ஜன்னல்கள். விற்பனைப் பலகை.

எஞ்சினை ஓடவிட்டே இறங்கினாள். சுற்றிவந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடக்கதவைத் திறந்துவிட்டாள்.

"மிஸ்டர் லார்ட்டர்... வீடு வந்துருச்சு."

ஆள் இறங்கினால் இந்தக் கார் ஒரு விரல் எழும். அது அவளுக்குப் பழக்கம். கதவின்மீது கையை வைத்தபடி காத்திருந்தாள்.

எழவில்லை.

மன்னிப்புக் கேட்கலாம். ஒரு சொல்தான். தொண்டைவரை வந்தது. ஆனால் வாய் திறந்தபோது, அந்தப் பழைய இனிமையான குரல்தான் வெளியே வந்தது, போனில் பேசிய அதே குரல்.

"குளிர் போகட்டும். ஏப்ரல்ல கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன். கண்டிப்பா."

எஞ்சின் மட்டும்.

உள்ளே, இருக்கை இல்லாத இடத்தில், பெல்ட் நீளும் சத்தம் கேட்டது. நிதானமாக. பழக்கமில்லாத கைகள் இழுப்பதுபோல.

க்ளிக்.

கதவு அவள் கையிலிருந்து நழுவியது. உள்ளிருந்து யாரோ மெதுவாக, மரியாதையாக, சாத்திக்கொண்டார்கள்.

அவள் காரின் முன்பக்கமாகப் பின்வாங்கினாள். முதுகில் கல்சுவர். விளக்குகளுக்கு மேலே முன்கண்ணாடி வெளுத்தது. இடப்பாதி. பிறகு நடு. பிறகு முழுவதும்.

எதுவும் அசையவில்லை.

பிறகு ஒரு தொப்பி. வட்டமாக. வட்டமாக. அவள் பக்கத்தை முதலில்.

சுத்தமாகத் துடைத்த அந்த வட்டத்துக்குள் ஸ்டீயரிங் தெரிந்தது, தொங்கும் சாவி தெரிந்தது, அவளுடைய காலி இருக்கை தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், வெளுப்புக்குப் பின்னால், மிகத் தாழ்வாக, தரையோடு தரையாக, கட்டிக்கொண்ட இரு முழங்கால்கள். தொப்பி மறுபடி தலைக்குப் போயிற்று.

டக்.

தன் பக்கத்துக் கண்ணாடியை அது துடைத்துக்கொள்ளவில்லை.