ஒட்டுப்போட்ட சோப்பு

வெளியே பூட்டிய வீட்டுக்குள் இரண்டு பேர் இருந்து, அதில் ஒருவர் செத்துக் கிடந்தால் நீங்கள் யாரைச் சந்தேகப்படுவீர்கள்?

எல்லோரும் மருமகளைத்தான் சந்தேகப்பட்டார்கள்.

மதியம் மணி ஒன்று. மாமனார் நாற்காலியிலேயே சாய்ந்து கிடந்தார். ஞாபகம் தப்பிய மனிதர். கதவு திறந்திருந்தால் தெருவில் இறங்கிவிடுவார். அதனால் மகன் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவான். மருமகளும் உள்ளேதான். அவள் போன் செய்து, அவன் வந்து திறப்பதற்குள் உயிர் போய்விட்டது. சர்க்கரை அடியோடு இறங்கியிருக்கிறது, இரண்டு மூன்று நாளாகவே சர்க்கரை மாத்திரை கூடிப்போயிருக்க வேண்டும் என்றார் வந்து பார்த்த டாக்டர்.

மூன்று மணிக்கு இன்ஸ்பெக்டர் அம்மா வந்தார். செய்தி கேட்டு வந்திருந்த நாத்தனார் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பூட்டின வீட்டுக்குள்ள பேய் வந்தா மாத்திரை கொடுத்துச்சு? அப்பா போனா தனக்கு விடுதலைன்னு நினைச்சிருப்பா."

மருமகள் சண்டைக்குப் போகவில்லை. காலையில் ஒன்றே ஒன்றுதான் கொடுத்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் மகனையும் விசாரித்தார். அப்பா சரியாகச் சாப்பிடாததால் டாக்டர் போன வாரம்தான் வீரியம் குறைந்த மாத்திரைக்கு மாற்றினாராம்.

"மாத்திரையெல்லாம் அவ பொறுப்பு மேடம். அந்த பாட்டில நான் தொட்டதே இல்ல."

பாட்டிலைப் பார்த்தார். ஒரு வாரமாகக் குறைந்துகொண்டே வந்திருக்க வேண்டிய மாத்திரை கழுத்துவரை நிறைந்திருந்தது.

கை கழுவப் போனார். குளியலறையில் புதுச் சோப்பின் முதுகில் பழைய சோப்பின் சில்லு அழுத்தி ஒட்டியிருந்தது. தீர்ந்த ஷாம்பு பாட்டில் ஒன்று புது பாட்டிலின் வாயில் தலைகீழாக நின்று வடிந்துகொண்டிருந்தது. இது யார் வேலை என்று கேட்டார்.

"எங்க அண்ணன்தான்," என்றாள் நாத்தனார் பெருமையாக. "ஒரு பொட்டு வீணாக்க விடாது."

இன்ஸ்பெக்டர் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். பாட்டிலில் மேலாக இருந்த மாத்திரைகளை ஸ்பூனால் எடுத்து ஒரு தட்டில் வைத்தார். அடியில் இருந்ததை இன்னொரு தட்டில் கொட்டினார். இரண்டும் வெள்ளை, ஒரே அளவு. மேலே இருந்தவற்றில் மட்டும் நடுவே ஒரு கோடு.

"கோடு போட்டது டாக்டர் நிறுத்தச் சொன்ன பழைய மாத்திரை. அந்த மிச்சத்தப் புதுசு மேல கொட்டினது நீங்க. சோப்பு மாதிரி. முதல்ல பழசு தீரட்டும்னு. அவங்க மேலாப்புல இருந்து தினம் ஒண்ணு எடுத்துக் கொடுத்திருக்காங்க."

இன்ஸ்பெக்டர் தட்டை மகன் பக்கம் நகர்த்தினார்.

"தெரியாம பண்ணினது ஒரு தப்பு. தெரிஞ்சப்புறம், தொட்டதே இல்லன்னு இவங்க தலைல கட்டினது வேற தப்பு."

"வீணாப் போகுதேன்னுதான் மேடம். மருந்துக் கடையில கொடுத்தா அவங்களே அழிச்சிடுவாங்கன்னு அவ சொன்னா. நான்தான் கேக்கல."

உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்ஸ்பெக்டர் பாட்டிலை எடுத்துக்கொண்டு, காலையில் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுக்கும்படி மகனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவன் கிளம்பினான். வீட்டில் மருமகள் மட்டும் இருந்தாள். அவன் வெளியே பூட்டி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனான்.