ஏழாம் நாற்காலி போனை வைப்பதில்லை

அந்த வீட்டு வாசலில் பெயர்ப் பலகை கிடையாது. தனிமையில் தவிப்பவர்கள் போன் செய்து பேசுகிற இடம் அது. விலாசம் வெளியே தெரியக் கூடாது என்று ஏற்பாடு. அங்கே கம்ப்யூட்டர் கோளாறைச் சரிபார்க்க வந்த சிஸ்டம்காரர் இரண்டு முறை அதைத் தாண்டிப் போய், மூன்றாவது முறைதான் கண்டுபிடித்தார். காலை பதினோரு மணி. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அரை மணி நேர வேலை என்று நினைத்து வந்திருந்தார். முடித்துவிட்டு ஓடவும் அவருக்கு அவசரம் இல்லை. வீட்டில் அவருக்காகக் காத்திருந்தது ஒரு பூட்டு மட்டும்தான்.

பொறுப்பாளர் அம்மாளை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

"போன் அடிக்குது சார், எடுக்கிறதுக்குள்ள கட் ஆகுது. தினமும் பதினொன்றரைக்கு ஒரு பொண்ணு கூப்பிடும். முந்தாநாளும் கட், நேத்தும் கட். இன்னிக்கும் கட் ஆச்சுன்னா அது மறுபடி கூப்பிடாது."

"அதுக்குள்ள சரி பண்ணிடலாம்க்கா," என்றார் அவர், எல்லோரிடமும் சொல்கிற மாதிரியே.

கூடத்தில் எட்டு நாற்காலிகள், எட்டு ஹெட்செட்கள். கோளாறு என்று மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சுவரில் ஒரே ஒரு அட்டை: 'நாம் முதலில் வைப்பதில்லை. அழைத்தவர் வைக்கட்டும்.' ஏழாம் நாற்காலியை மட்டும் துணி போட்டு மூடியிருந்தது.

"அது டீச்சரோட இடம்," என்றார் அக்கா. "போன மாசம் ஹெட்செட்டை மாட்டினபடியே உசுரு போயிடுச்சு. லைன்ல யாரோ பேசாமலே இருந்தாங்க. ரெண்டு மணி நேரமா 'சொல்லுங்க, கேட்டுட்டு இருக்கேன்'னு சொல்லிட்டே இருந்தாங்க பாவம்."

"அப்புறம் லைனை யார் கட் பண்ணது?"

"யாரும் பண்ணல. ஒயரைத்தான் பிடுங்கினோம்."

அழைப்புகளை வாங்கும் சர்வர் பின்கட்டில் ஜன்னலில்லாத ஒரு சின்ன அறையில் இருந்தது. முன்பு மளிகைச் சாமான் வைத்த அறை போல. சூடான பிளாஸ்டிக் வாசனையும் ஈரச் சுவர் வாசனையும் கலந்து வந்தது. மின்விசிறிகள் ஒரே சுதியில் இரைந்துகொண்டிருந்தன. ஸ்டூலில் உட்கார்ந்து லேப்டாப்பை மாட்டிப் பார்த்தார். ஒரே வரி, ஆயிரக்கணக்கான தடவை: திறந்திருக்கும் கோப்புகள் மிக அதிகம்.

இதில் மாயமந்திரம் ஒன்றுமில்லை. அழைப்பு வந்ததும் அதைப் பதிவு செய்ய இயந்திரம் ஒரு கோப்பைத் திறக்கும். போனை வைத்ததும் மூடும். ஒரே நேரத்தில் ஆயிரத்து இருபத்து நாலு கோப்புகளுக்கு மேல் திறக்கக் கூடாது என்பது வரம்பு. எட்டு நாற்காலிக்கென்ன, எட்டு ஊருக்கே அது போதும். மூட மறந்துபோகிற கம்ப்யூட்டர் நிரலை எழுதிய புண்ணியவானை மனசுக்குள் திட்டிக்கொண்டே, ஓடுகிற நிரலை நிறுத்தாமல் வரம்பை நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு ஆக்கினார்.

கண்மூடித் திறப்பதற்குள் அதுவும் நிரம்பியது.

கதவு எப்போது திறக்கும் என்று வெளியே கூட்டமாக நின்றிருந்ததைப் போல.

திறந்திருக்கும் கோப்புகளின் பட்டியலை எடுத்தார். எல்லாம் ஏழாம் நாற்காலியின் அழைப்புகள். ஒயர் பிடுங்கப்பட்ட நாற்காலி. கோப்புகளின் அளவு நொடிக்கு நொடி கூடியது. அப்படியென்றால் யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இயர்போனை மாட்டி ஒன்றைத் திறந்தார்.

நிசப்தம்.

பிறகு மூச்சு.

பிறகு, காதுக்கு மிக அருகில், வயதான ஒரு பெண் குரல்: "ம்… சொல்லுங்க. நான் கேட்டுட்டு இருக்கேன்."

அறைக்குள் தலைவலித் தைலத்தின் வாசனை மெல்லப் பரவியது. கதவருகே வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சர் தடவுற தைலம்," என்று கிசுகிசுத்தார்.

மணி பதினொன்று இருபத்து நாலு.

"நிரலை நிறுத்தித் திரும்ப ஓட்டினா எல்லா லைனும் அறுந்துடும்க்கா. அப்புறம் புதுசா ஆரம்பிக்கும்."

அக்கா துணி மூடிய நாற்காலி இருக்கும் பக்கம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "பண்ணுங்க சார். அந்தப் பொண்ணு உயிரோட இருக்கு."

நியாயமான பேச்சு. அவர் கட்டளையை அடித்தார். கடைசி விசையின் மேல் விரலை வைத்தபடி, பழக்க தோஷத்தில் பட்டியலை இன்னொரு தடவை கண்ணால் ஓட்டினார். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் அழைத்தவரின் எண் இருந்தது.

அதில் ஒரு எண்ணை அவருக்கு மனப்பாடமாகத் தெரியும்.

தேதி மூன்று வருடத்துக்கு முந்தையது. நேரம் மாலை நாலு பத்து. இந்த இயந்திரம் வாங்கியதே போன வருடம்தான்.

அன்று நாலு ஒன்பதுக்குத் தம்பி அவரை அழைத்திருந்தான். "அண்ணா, பிஸியா?" என்றான். "மீட்டிங்ல இருக்கேன்டா, அப்புறம் பேசுறேன்," என்று வைத்துவிட்டார். மீட்டிங்கெல்லாம் இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அன்று ராத்திரி தம்பி உயிரோடு இல்லை. அந்த எண்ணை அவர் போனிலிருந்து அழிக்கவும் இல்லை, அந்த டீயைப் பற்றி யாரிடமும் சொல்லவும் இல்லை.

"சார், பதினொன்னு இருபத்தேழு ஆச்சு."

விசையை அழுத்தினால் அந்தப் பெண்ணுக்கு வழி கிடைக்கும். தம்பியின் லைனை இன்னொரு தடவை அறுத்த பாவமும் அவரையே சேரும்.

அவர் கட்டளையை அழித்தார். நிரலின் வரம்பு மட்டுமல்ல, அதற்கும் மேலே ஒரு வரம்பு உண்டு. இயந்திரம் மொத்தமும் எத்தனை கோப்புகளைத் தாங்கலாம் என்று அதன் அடிப்படை மென்பொருளான கெர்னல் வைத்திருக்கும் கணக்கு. இரண்டையும் உயர்த்தினார், அந்தப் பழைய இயந்திரத்தின் நினைவகம் தாங்கும் எல்லை வரைக்கும். எல்லோரும் வரட்டும். இருப்பவர்களுக்கும் இடம் வேண்டும், இல்லாதவர்களுக்கும் வேண்டும்.

எண்ணிக்கை ஏறியது. ஐயாயிரம். பன்னிரண்டாயிரம். மின்விசிறிகள் அலறின. தைல வாசனை மூச்சை அடைத்தது. இருபதாயிரம். இருபத்தெட்டாயிரம்.

முப்பத்தோராயிரத்து நானூற்றாறில் நின்றது.

கூடத்தில் போன் அடித்தது. அக்கா விழுந்தடித்து ஓடினார். அடித்தது, எடுத்தார், கட் ஆகவில்லை. "சொல்லும்மா… ஆமா, நான்தான்… இருக்கேன், எங்கேயும் போகல," என்று அவர் அழுதுகொண்டே சொல்வது பின்கட்டு வரை கேட்டது.

சிஸ்டம்காரர் தம்பியின் கோப்பைத் திறந்தார். மூன்று வருட நிசப்தம். அதன் கடைசியில் டீச்சரின் குரல், அவரிடம் அல்ல, வேறு யாரிடமோ:

"ஒரு நிமிஷம் இருப்பா. உங்க அண்ணன் வந்துட்டார். லைனைக் குடுக்கிறேன்."

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

திரையில் 'தம்பி' என்றிருந்தது.

அவர் எடுத்தார். லேப்டாப்பில் முப்பத்தோராயிரத்து நானூற்றாறு, நானூற்றைந்து ஆனது.

"அண்ணா, பிஸியா?"

"இல்லடா," என்றார் அவர். "ஒரு வேலையும் இல்லடா. சொல்லு."

அந்தப் பெண்ணோடு பேசி முடிக்க அக்காவுக்கு வெகு நேரமானது. அதன்பின் அடுத்தடுத்து அழைப்புகள். சாயங்காலம்தான் சிஸ்டம்காரரின் ஞாபகமே வந்து, காபியோடு பின்கட்டுக்குப் போனார்.

அவர் அதே ஸ்டூலில், ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போன் காதில் இருந்தது. அதன் சார்ஜ் எப்போதோ தீர்ந்து திரை கறுத்திருந்தது. அவரிடமிருந்து தைல வாசனை வந்தது.

"ம்… சொல்லு. கேட்டுட்டு இருக்கேன்," என்றார் அவர், அக்காவை நிமிர்ந்து பார்க்காமலே.

அணைந்த போனுக்குள்ளிருந்து யாரோ மெல்லப் பேசுவது அக்காவுக்கும் கேட்டது. பிடுங்கி வைத்துவிடலாமா என்று ஒரு கணம் கை நீண்டது. அந்த வீட்டில் அது வழக்கமில்லை. காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு வந்தார்.