கேட்டால் ஒரு தட்டு

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், சுவிட்சைப் போட்டுப் பார்ப்பார்கள். நான் கை தட்டிப் பார்ப்பேன். தொழில் புத்தி. காது கேட்கும் கருவி பொருத்தும் கடையில் வேலை செய்கிறேன். காலி அறையில் ஒரு முறை கை தட்டினால் போதும். அந்தச் சத்தம் எப்படி எழும்பி எப்படி அடங்குகிறது என்பதை வைத்து, சுவர் கல்லா பலகையா, பின்னால் வெற்றிடம் இருக்கிறதா என்றெல்லாம் ஓரளவு சொல்லிவிடலாம்.

அந்தப் பழைய மாடி வீட்டில் எல்லா அறைகளும் ஒழுங்காகப் பதில் சொல்லின. மாடியின் கடைசி அறை மட்டும் சொல்லவில்லை. அங்கே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. காலி அறை என்றால் சத்தம் கணீரென்று திரும்பி வர வேண்டும். அங்கே துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்று தட்டியதுபோல உடனே அமுங்கிப் போனது. ஈரச் சுண்ணாம்பு வாசனையும், அதற்கடியில் பால் புளித்த மாதிரி ஒரு வாடையும் இருந்தன.

“என்ன, ரூமுக்குக் காது கேக்கலையா? ஒரு மெஷின் மாட்டி விட்டுடு,” என்றார் என் கணவர். பஸ் ஓட்டுகிறவர். எஞ்சின் இரைச்சலைத் தாண்டிப் பேசிப் பேசிக் குரலைக் குறைக்கும் பழக்கமே போய்விட்டது.

நான் சிரித்தேன். அந்த அறையையும் சேர்த்துத்தான் வீட்டை எடுத்துக்கொண்டோம்.

அப்போது எனக்கு வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. முதல் ஸ்கேனில் வெறும் புள்ளியாகத் தெரிந்ததால் உள்ளே இருந்தவளைப் புள்ளி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் கணவரின் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் பிரசவ வார்டில் நர்ஸ். எத்தனையோ குழந்தைகளைக் கையில் வாங்கியவர்.

“ஏண்டா, புள்ளின்னே ஸ்கூல்ல சேக்கப் போறீங்களா? அப்புறம் காற்புள்ளின்னு ஒரு தங்கச்சியா? ஒழுங்கா ஒரு பேரைப் பாருங்க.”

ஒழுங்காகப் பார்ப்பது என்றால் எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். பெயர் எதற்கு? கூப்பிடுவதற்கு. கூப்பிட்டால் கேட்க வேண்டும். பேச்சில் மெல்லிய, கூர்மையான சத்தங்கள் சுவரைத் தாண்டுவதற்குள் செத்துவிடும். கனமான, நீளமான சத்தங்கள் சுவரையே அதிரவைத்து அந்தப் பக்கம் போய்ச் சேரும். அதனால்தான் பக்கத்து வீட்டுச் சண்டையில் வார்த்தை புரியாமல் குரல் மட்டும் கேட்கிறது. ஆகவே பெயர்களைச் சோதிப்பது என்று முடிவு செய்தேன்.

கடையில் நாங்கள் செய்வதும் இதுதான். ஆளைச் சத்தம் புகாத அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வோம். கேட்டால் ஓர் அழுத்து. கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போவோம். எந்த இடத்தில் ஆள் அழுத்துவதை நிறுத்துகிறாரோ அதுதான் அவர் காதின் எல்லை.

வீட்டில் நான் கீழே சமையலறையில் நின்று கூப்பிடுவேன். என் கணவர் மாடிக் கடைசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார். கேட்டால் தரையில் ஒரு தட்டு.

சாயங்கால வேளைகளில் விளையாட்டுப்போல நடந்தது. சில பெயர்களுக்குத் தட்டு வரும், சிலதற்கு வராது. “அந்தப் பேரு கேட்டுச்சு, ஆனா என் டெப்போ மேனேஜர் பேரு, வேண்டாம்,” என்று மேலிருந்து கத்துவார்.

பிறகு ஒரு சாயங்காலம் அந்தப் பெயரைக் கூப்பிட்டேன்.

அதை இங்கே எழுதப்போவதில்லை. மனதுக்குள் படித்தால்கூட உதடு லேசாக அசையும்.

கூப்பிட்ட வாய் மூடுவதற்குள் தட்டு வந்தது. தெளிவான, ஒற்றைத் தட்டு. குரலைக் குறைத்தேன். தட்டு வந்தது. பேசுகிற அளவில் சொன்னேன். வந்தது. கிசுகிசுத்தேன். வந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, மனுஷன் ஏமாற்றுகிறார் என்று. பரிசோதனையில் பொய்யாகப் பொத்தானை அழுத்துகிறவர்களைப் பிடிக்க ஒரு வழி உண்டு. சத்தமே கொடுக்காமல் காத்திருக்க வேண்டும். ஆகவே குரலே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்தேன்.

தட்டு வந்தது.

அதன்பின் உதட்டையும் அசைக்காமல் நின்றேன். எதுவும் வரவில்லை.

அந்த வித்தியாசத்தை அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. பெயர் கிடைத்த சந்தோஷம். சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். “நல்ல பேருதான்,” என்றார். அன்றிலிருந்து அறை அறையாக, துணி மடிக்கும்போதும் படியேறும்போதும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே திரிந்தேன். வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு வெளிச்சத்தம் தண்ணீருக்கடியில் கேட்பதுபோல மங்கலாகத்தான் கேட்கும். தாயின் குரல் மட்டும் உடம்பின் வழியாகவே உள்ளே இறங்கும். பிறக்கும்போது அவளுக்குத் தெரிந்த ஒரே குரல் என்னுடையதாக இருக்கும். அவளுக்காகத்தான் கூப்பிட்டேன்.

கேட்டது அவள் மட்டும் இல்லை.

வலி ஒரு காலையில் தொடங்கியது. டாக்சியில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பயத்தை மறக்க எதையாவது பேசினேன்.

“சத்தமே இல்லாம சொன்னேனே, அதுக்கும் தட்டினீங்களே. எப்படிங்க தெரிஞ்சுது?”

“எப்போ?”

“பேரு முடிவு பண்ண அன்னைக்கு.”

“அன்னைக்கா? நான் மேலயே போகலையே. டெப்போலேர்ந்து போன் வந்துச்சு, தெரு முனைக்குப் போய்ப் பேசிட்டிருந்தேன். நீ தனியா சொல்லிப் பாத்துட்டு முடிவு பண்ணிட்டேன்னுல்ல நினைச்சேன்?”

அடுத்த வலி வந்தது. முன் சீட்டைப் பற்றிக்கொண்டு குனிந்தேன்.

பிரசவ அறையில் அக்கா என் பக்கத்தில் இருந்தார். மருந்து நெடி, தண்ணீர் சொட்டும் சத்தம், ஜன்னல் வழியாக நல்ல வெயில். “அவ்வளவுதான் கண்ணு, இதோ வந்தாச்சு, இதோ,” என்றார். வந்துவிட்டாள்.

அழவில்லை.

பிறந்த குழந்தையின் நுரையீரலில் தண்ணீர் இருக்கும். முதல் மூச்சு அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக வேண்டும். அதற்காகத்தான் துடைக்கிறார்கள், முதுகைத் தேய்க்கிறார்கள், பாதத்தைச் சுண்டுகிறார்கள். அக்கா எல்லாம் செய்தார். சின்ன முகமூடியை வைத்துக் காற்றை அழுத்தினார். சிணுங்கல்கூட இல்லை.

“கூப்பிடும்மா,” என்றார் என்னைப் பார்க்காமலே. “உன் குரல் அவளுக்குத் தெரியும். பேரைச் சொல்லிக் கூப்பிடு!”

கூப்பிட்டேன்.

குழந்தை கிடந்த மேசைக்கடியில் ஒரு தட்டு கேட்டது.

அக்காவின் கை நின்றது. “யாரு அது?” என்று குனிந்து பார்த்தார். யாரும் இல்லை. மறுபடி காற்றை அழுத்தத் தொடங்கினார்.

“கூப்பிடு!”

மறுபடி கூப்பிட்டேன். இந்த முறை தட்டு மேசையின் மேலேயே கேட்டது. அவள் தலைமாட்டில். அவள் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. மாடி அறையின் அந்தப் பால் புளித்த வாடை இங்கேயும் பரவியது.

வலியை மீறி எனக்கு விஷயம் புரிந்தது. பெயருக்குச் சொந்தக்காரர் ஏற்கெனவே இருக்கிறார். நான் கூப்பிடக் கூப்பிட வருவது என் மகள் இல்லை.

“இன்னொரு தடவை கூப்பிடும்மா, நிறுத்தாத!”

வாயைப் பொத்திக்கொண்டேன். வேறு எதைச் சொல்வது? எதைச் சொன்னால் அவள் தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று அறிவாள்?

“புள்ளி!” என்று அலறினேன். “புள்ளி! அடியே புள்ளி, இங்க வா! அம்மாகிட்ட வா!”

அவள் நெஞ்சு ஒரு முறை தூக்கிப் போட்டது. பிறகு அழுதாள். அவ்வளவு கோபமாக ஓர் அழுகையை அக்காவே கேட்டதில்லையாம். “பேரு மாத்தினதுக்குக் கோவமா இருக்கும்,” என்று அவர் சிரிக்கப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

அந்த வீட்டுக்கு நாங்கள் திரும்பவில்லை. என் கணவர் சாமான்களை எடுத்து வந்தார். பட்டப்பகலில், நண்பர்கள் நாலு பேரோடு. கடைசி அறைக்குள் எட்டிப் பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் உச்சியில் வீடு பிடித்தோம். எங்களுக்கு மேலே வேறு வீடே கிடையாது, சரிவான கூரைதான். அதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. பள்ளிக்கும் புள்ளிதான் என்று அக்காவே சொல்லிவிட்டார்.

இன்று மத்தியானம் துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவர் வேலைக்குப் போயிருக்கிறார். இப்போதுதான் தவழப் பழகியிருக்கும் புள்ளி, தரையில் டப்பா மூடியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

மூடியைக் கீழே வைத்தாள். தலையைத் தூக்கினாள். உள்ளங்கையால் தரையை ஒரு முறை தட்டினாள்.

விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

கொஞ்சம் காத்திருந்தாள். மறுபடி ஒரு தட்டு. காத்திருந்தாள். இன்னொரு தட்டு.

குழந்தை விளையாட்டாகத் தட்டினால் படபடவென்று தட்டும். இப்படி அடங்கி உட்கார்ந்து, காது கொடுத்து, ஒற்றையாகத் தட்டாது. இந்த ஒழுங்கை நான் தினமும் கடையில், சோதனை அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன்.

அவளுக்குக் கேட்கிறது. எனக்குக் கேட்கவில்லை.

பையில், பழுது பார்க்கக் கொண்டுவந்த கருவி ஒன்று இருந்தது. நன்றாகக் காது மந்தமானவர்களுக்குப் பொருத்துவது. அவசரத்தில் காதில் சரியாகப் பொருந்தாமல் கீச்சென்று கூவியது. அழுத்திச் செருகிச் சத்தத்தை முழுவதும் ஏற்றினேன். ஃப்ரிட்ஜின் உறுமல். என் மூச்சு. எங்கேயோ லிஃப்ட்.

அதற்கப்பால் ஒரு பெண் குரல். மேலிருந்து. கூரைக்கு மேலிருந்து.

அந்தப் பெயரைக் கூப்பிட்டது.

வயிற்றைச் சுமந்துகொண்டு சமையலறையில் நின்று கூப்பிட்ட அதே மூச்சிரைப்பு. என் குரல்.

புள்ளி தரையைத் தட்டினாள்.

குரல் கொஞ்சம் குறைந்தது. தட்டினாள். இன்னும் குறைந்தது. தட்டினாள். கிசுகிசுப்பானது. பிறகு கருவியிலும் எதுவும் இல்லை, வெறும் இரைச்சல்தான். அப்போதும் தட்டினாள்.

“புள்ளி,” என்றேன். “புள்ளிம்மா, இங்க பாரு. அம்மா இங்க இருக்கேன்டி.”

திரும்பவில்லை.

பாய்ந்து போய்த் தரையில் உட்கார்ந்து, மடியில் இழுத்து வைத்து, இரண்டு கைகளையும் என் கைக்குள் இறுகப் பிடித்துக்கொண்டேன். கூரையைப் பார்த்தபடி இருந்தாள். மெல்லச் சிரித்தாள், தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. என் கைக்குள் அவள் விரல்கள் அசையவே இல்லை.

அவள் குதிகால் தரையைத் தட்டியது.

ஒரே ஒரு முறை.