அம்மாவா, மாமியாரா

கன்னிகா கொண்டுவந்து வைத்த டீயைக் கிருஷ்ணப்பா தொடவில்லை. அது ஆடை கட்டி ஆறிக்கொண்டிருந்தது. அடுப்படிக்குத் திரும்புவதற்குள் அவள் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வலது முழங்கால் மடங்கவில்லை. இடது மடங்கினால் நிமிரவில்லை.

"ரத்னம்மா குச்சி இல்லாம நடக்கறாங்களாம்," என்றார் அவர். "பக்கத்து வூட்டு தனசேகர் ரேணிகுண்டாவுல பாத்துட்டு வந்து சொன்னான். ரெண்டு முட்டியும் மாத்தியாச்சாம். எல்லாம் நம்ம மருமக கம்பெனி இன்சூரன்ஸ்ல."

கன்னிகா பாத்திரத்தை நகர்த்தினாள்.

"நீ இன்னா பேசாம கீற? கேட்டியா இல்லியா?"

"கேட்டேன்..."

அவளுக்கு அது புதுச் செய்தி இல்லை. சம்பந்தியம்மாவுக்கு அந்த வைத்தியத்தை விட்டுக்கொடுத்ததே அவள்தான்.

மகன் லோகேஸ்வரன் திருப்பதியில் சரக்கு ஆட்டோ ஓட்டினான். மருமகள் மோகனப்ரியாவுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் வேலை நிரந்தரமானபோது, குடும்பத்துக்கு இன்சூரன்ஸும் கிடைத்தது. அதில் பெற்றோரைச் சேர்க்கலாம், இல்லையென்றால் மாமனார் மாமியாரைச் சேர்க்கலாம். இரண்டும் கூடாது. ஒருமுறை போட்ட பேரை வருடம் முடியும்வரை மாற்றவும் முடியாது. அந்த வாரமே மோகனப்ரியா குடிபாலாவில் இருந்த மாமியார் வீட்டுக்கு வந்து, "அத்தை, உங்க ஆதாரைக் குடுங்க. உங்க பேரைப் போட்டுடறேன்," என்றாள்.

எலும்போடு எலும்பு உரசுகிறது, மூட்டை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை என்று சித்தூர் டாக்டர் சொல்லி வெகுநாளாகியிருந்தது. காலமெல்லாம் ஊரார் நிலத்தில் நாற்று நட்டுக் களையெடுத்த முழங்கால்கள் அவை. கன்னிகா எழுந்துபோய் ஆதார் கார்டை எடுத்தாள். எடுத்தவள் கொடுக்கவில்லை.

"உங்கம்மாவுக்கு?"

"அப்புறம் பாத்துக்கலாம் அத்தை."

ஏர்பேட்டில் ரத்னம்மா தனியாக இருந்தாள். கணவன் இல்லை, மோகனப்ரியாவைத் தவிர வேறு பிள்ளை இல்லை. கன்னிகா ஒருமுறை போயிருந்தபோது, அவள் கைகளை ஊன்றித் தவழ்ந்து கக்கூசுக்குப் போவதைப் பார்த்துவிட்டாள்.

"என்னைப் புடிச்சித் தூக்க வூட்ல ஆள் இருக்குது. அவங்களுக்கு ஆரு கீறா? அவங்க பேரையே போடு."

"மாமா ஒத்துக்கமாட்டாரு அத்தை..."

"அவருக்கு நான் சொல்லிக்கிறேன். நீ ஆருகிட்டயும் வாயத் தொறக்காத."

மோகனப்ரியா அழுதாள். தன் அம்மாவிடம் மட்டும் சொன்னாள்; வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. கன்னிகாவும் சொல்லவில்லை. மருமகள் தன் மனைவிக்கு வைத்தியம் பார்க்கப் போகிறாள் என்று கிருஷ்ணப்பா அதற்குள் ஊரெல்லாம் சொல்லியிருந்தார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டே மாதங்கள் போய்விட்டன.

கிருஷ்ணப்பா டீயைத் தொடாத அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மகனும் மருமகளும் வந்து இறங்கினார்கள். கிருஷ்ணப்பா வாசலை மறித்து நின்றார்.

"அங்கியே நில்லும்மா. பெத்தவள நடக்க வெச்சிட்ட, சந்தோசம். இங்க ஒருத்தி சுவத்தப் புடிச்சிக்கினு நடக்கறா. அடுத்த வருசம் பாக்கலாம்னு சொல்லுவ. உனக்கு வேலை இருக்குமோ இருக்காதோ, ஆரு கண்டா?"

மோகனப்ரியா பழப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். லோகேஸ்வரன் அவளிடமிருந்து விலகி நின்றிருந்தான்.

"ஏன் அம்மா பேரப் போடலன்னு நான் கேட்டு அலுத்துட்டேன் நைனா. ஆபரேசன் ஆன நாள்லருந்து இவகிட்ட நான் பேசறதே இல்ல."

உள்ளே இருந்த கன்னிகாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. தான் விட்டுக்கொடுத்தது ஒரு வைத்தியத்தை மட்டும்தான் என்று இதுவரை நினைத்திருந்தாள். அதற்கு விலையாக இந்தப் பெண் புருஷனையே கொடுத்துக்கொண்டிருக்கிறாள். சுவரைப் பிடித்துப் பிடித்து வாசலுக்கு வந்தாள்.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க. என் பேரைப் போடத்தான் வந்தா. நான்தான் வேணாம்னேன். சொல்லாதன்னதும் நான்தான்."

கிருஷ்ணப்பா வாசலை விட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுவீங்க."

"வலி உன்னுது மட்டுமா கன்னிகா? நீ மொனகறத பக்கத்துல படுத்துக் கேட்டுக்கினு கீறவன் நான்." குரல் உடைவதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கழனிப் பக்கம் நடந்துவிட்டார்.

கன்னிகா மருமகளின் கையைப் பிடித்தாள். "என்னால உனக்குக் கெட்ட பேரு..."

"அம்மா மொத தடவ நடந்தப்போ என்னால சந்தோசப்பட முடியல அத்தை. உங்க காலுதான் கண்ணு முன்னாடி நின்னுது." அணைத்திருந்த பழப் பை நழுவி விழ, மாமியாரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லோகேஸ்வரன் கீழே விழுந்த பழங்களைப் பொறுக்கினான். ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்துப் பையில் போட்டானே தவிர, மனைவியை நிமிர்ந்து பார்க்க வெகுநேரமாயிற்று.

புது வருடத்துக்கு இன்சூரன்ஸில் ரத்னம்மாவின் பேருக்குப் பதிலாகக் கன்னிகாவின் பேர் ஏறியது. திருப்பதி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகும், வலி எத்தனை காலமாக இருக்கிறது, பழைய எக்ஸ்ரே எங்கே என்று இன்சூரன்ஸ்காரர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மோகனப்ரியா லீவு போட்டுவிட்டு அந்த மேசைக்கும் இந்த மேசைக்கும் அலைந்தாள். கடைசியில் அனுமதி வந்தது.

ரத்னம்மா ஏர்பேட்டிலிருந்து பஸ்ஸில் தனியாகவே வந்தாள். கிருஷ்ணப்பா அவளைக் கண்டதும் எழுந்து வெளியே போனார். அவள் அதைக் கவனித்தும் கவனிக்காதவள்போல இருந்தாள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் கன்னிகாவை நடக்கவைக்கச் சொன்னார்கள். நர்ஸ் ஒரு பக்கம், ரத்னம்மா ஒரு பக்கம். கன்னிகாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்தது.

"வலிக்கும். வலிச்சாலும் காலை வெக்கணும்," என்றாள் ரத்னம்மா. "நான் அழுதுக்கினேதான் வெச்சேன். என் பொண்ணத் திட்டறவங்க முன்னாடி உங்க பேரச் சொல்ல முடியாம நான் பட்டது, இதவிட வலி."

கிருஷ்ணப்பா கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, அறையில் இருந்த ஒரே நாற்காலியை இழுத்து ரத்னம்மாவின் பின்னால் போட்டார்.

"உக்காருங்க சம்பந்தியம்மா. காலையிலருந்து நின்னுக்கினே கீறீங்க."

ரத்னம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். கன்னிகாவைத் தாங்கியிருந்த கையை எடுக்கவில்லை.

"இருக்கட்டும் அண்ணா. இப்பதான் என்னால நிக்க முடியுதே."