வாய்தா நாளில் ஒரு சாவு

தளி ஊருக்குப் பக்கத்தில் ஒரு தோட்டக் கிணற்றில் நாராயணப்பனின் துண்டு மிதந்ததை முதலில் பார்த்தவள் அவருடைய தம்பி பொண்டாட்டி சென்னம்மா. 1968, தை மாதம். குளிர் விடாத முற்பகல். அவள் போட்ட கூச்சலில், உருளைக்கிழங்குக் காட்டில் மண் அணைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் கிருஷ்ணப்பன் ஓடிவந்தான். ஊர் கூடி உடலைத் தூக்கியது.

பாசிப் படியில் கால் வழுக்கியிருக்கும் என்றார்கள். சப்-இன்ஸ்பெக்டர் அருள்ஜோசப் குனிந்து பிணத்தின் தலையைத் திருப்பினார். பின்மண்டையில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக இரண்டு காயங்கள். வழுக்கினவன் ஒரு தடவைதானே விழுவான்?

காவேரி, செத்தவரின் மனைவி, அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

"விடியங்காட்டியே கெளம்பிட்டாருங்க. கெணத்துல மூஞ்சி கழுவிக்கிட்டு ஏழு மணி பஸ் ஏறியிருப்பாருன்னு நெனச்சேன். இன்னிக்குக் கிருஷ்ணகிரி கோர்ட்டுல வாய்தா."

"என்ன கேஸு?"

"இந்தக் கெணறுதானுங்க. யாருக்கு எத்தன நாள் தண்ணின்னு அண்ணன் தம்பி வழக்கு. மூணு வருஷமா பேச்சில்ல. ஆனா வாய்தான்னா ரெண்டு பேரும் அதே பஸ்ஸுதான். ஒருத்தரு முன்னால, ஒருத்தரு பின்னால."

"வேற விரோதம்?"

"கங்கப்பன். வரப்புத் தகராறுல இவர கல்லால அடிச்சான். அந்தக் கேஸும் நடக்குது."

ஊரும் கங்கப்பன் பெயரையே சொன்னது. ஆனால் அவன் முந்தின நாளே மாடு வாங்க அஞ்செட்டிக்குப் போனவன். அங்கேயே காய்ச்சலில் படுத்துக் கிடப்பதைக் கான்ஸ்டபிள் நேரில் பார்த்து வந்தார்.

மாலையில் அருள்ஜோசப் கிருஷ்ணப்பனைக் கூப்பிட்டார்.

"அண்ணன் செத்தது உனக்கு எப்பத் தெரியும்?"

"சென்னம்மா கத்துனப்பறந்தானுங்க."

"அதுவரைக்கும்?"

"விடிஞ்சதுல இருந்து காட்டுலதான் இருந்தேன்."

"இன்னிக்கு உனக்கும் வாய்தா. ஏன் பஸ் ஏறல?"

கிருஷ்ணப்பன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்தான்.

"ஒரு வாய்தாவும் தப்பாம போனவன் நீ. இன்னிக்கு மட்டும் போக வேண்டியதில்லன்னு எப்படித் தெரிஞ்சது? அண்ணன் இனி வரமாட்டாருன்னு தெரிஞ்சவனுக்குத்தான் அந்த நெனப்பு வரும்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"கேஸ வாபஸ் வாங்குன்னு கெஞ்சினேனுங்க. கோர்ட்டுல பேசிக்கடான்னு திரும்பினாரு. மம்பட்டி கையில இருந்துச்சு. எங்கப்பன் மேல ஒரு அடிதடி கேஸு இருந்தது. அவர் செத்ததும் மூடிட்டாங்க. ஆளு போனா கேஸும் போயிரும்னு..."

"அது கிரிமினல். குத்தம் சாட்டப்பட்டவனே செத்துட்டா யாரத் தண்டிக்கிறது? அதான் மூடினாங்க. இது சிவில். சொத்துக்கான வழக்கு, ஆளோட போகாது. அண்ணன் இடத்துல உங்க அண்ணி பேர எழுதுவாங்க."

கிருஷ்ணப்பன் அவர் முகத்தையே பார்த்தான்.

"அப்ப சும்மாவே கொன்னுட்டனா?"

உண்மையைக் கண்டுபிடித்த திருப்தி இந்தத் தடவை அருள்ஜோசப்புக்கு வரவே இல்லை.

கிருஷ்ணப்பனை ஜீப்பில் ஏற்றியபோது காவேரி வந்தாள்.

"நான் கல்யாணமாகி வந்தப்ப இவனுக்கு ஆறு வயசுங்க. தாயில்லாத புள்ள. சோறு ஊட்டுனதே நாந்தான். கேஸு வேணாம்னு கைநாட்டு வச்சுக் குடுத்தா விட்டுருவீங்களா?"

"முடியாதும்மா. கொலக் கேஸு சர்க்காருது. அதுல நீங்க வெறும் சாட்சி. கெணத்துக் கேஸுதான் உங்களுது. நீங்க நெனச்சா அத நிறுத்தலாம்."

கிணற்றுமேட்டில் சென்னம்மா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். காவேரி அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அதயாவது நிறுத்திரணுங்க," என்றாள்.